ஜாடி காலி என்று எழுதிய மகனுக்கு

என் அருமை மகனே,

நீ போட்ட கார்டு செவ்வாய்க்கிழமை வந்தது. திருச்சியில் சுகமாக இருக்கிறாய் என்பது படித்ததுமே தெரிந்துவிட்டது. உடம்புக்கு முடியாதவன் எவனும் புளிக்காய்ச்சல் கேட்டுக் கார்டு போட மாட்டான். ஜாடி காலி அம்மா, அடியில் ஒட்டியிருந்ததையும் சோற்றைப் போட்டுப் பிசைந்து வழித்துவிட்டேன், இந்தத் தடவை போல உங்கள் கையில் என்றைக்கும் அமைந்ததில்லை, இன்னொரு ஜாடி அனுப்பிவையுங்கள் என்று நுணுக்கி நுணுக்கி எழுதியிருக்கிறாய். கார்டு முழுக்கப் புளியும் நல்லெண்ணெயும்தான். ஆனி மாதம் தாலி கட்டிக் கூட்டிவந்தவளைப் பற்றி ஓர் எழுத்து இல்லை. ஆடிக்குத் தாய்வீடு போன சுந்தரவல்லி, ஆவணி முழுக்கக் காத்திருந்து, இப்போது புரட்டாசியும் பாதிக்கு மேல் போய்விட்டது, இன்னும் அங்கேயேதான் இருக்கிறாள். கூப்பிடப் போக வேண்டியவன் நீ. பெற்றவள் என்ற உரிமையில் கேட்கிறேன், புளிக்காய்ச்சல் மறக்காத உனக்குப் பெண்டாட்டி மட்டும் எப்படியடா மறந்தாள்?

கோபித்துக்கொண்டு கடிதத்தை மடித்து வைத்துவிடாதே. சாப்பிட்டுவிட்டு, கை கழுவிவிட்டு, நிதானமாக உட்கார்ந்து படி. ஐப்பசியில் தீபாவளி வருகிறது. உனக்குத் தலைத் தீபாவளி. மாப்பிள்ளைக்கு வேட்டி எடுப்பதா வேண்டாமா என்றுகூடத் தெரியாமல் ஒரு வீடு விழித்துக்கொண்டு இருக்கிறது. அன்றைக்கு நீ போய் அந்த வாசலில் இறங்கவில்லை என்றால் ஊர் என்ன பேசும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வாழாவெட்டி என்ற பட்டத்தை ஒரு பெண்ணுக்குக் கட்டிவிட ஊருக்கு ரொம்ப நாள் பிடிக்காது. கட்டியதை அவிழ்க்கத்தான் ஆள் கிடையாது. இந்தக் கடிதம் அதற்காகத்தான். ஆனால் விஷயத்துக்கு வருவதற்கு முன்னால் நான் கொஞ்சம் சட்டி பானையைப் பற்றிப் பேச வேண்டும். அம்மாவுக்கு வேறு என்ன தெரியும் என்று சிரிக்காதே. உன் குடித்தனம் நின்றுபோயிருப்பது ஒரு பாத்திரத்தால்தான்.

நீ சின்னப் பிள்ளையில் என் அடுக்களையில் வாங்காத அடி இல்லை. எல்லாம் பாத்திரத்தால் வந்த அடிதான். வாய்க்காலில் முங்கிவிட்டு வந்து, சொட்டச் சொட்ட நிற்கிற கையை அப்படியே மாவடு ஜாடிக்குள் விடுவாய். அந்த வருஷத்து மாவடு முழுக்கப் பூத்துப்போய்க் குப்பைக்குழிக்குப் போயிற்று. நான் உன்னை அடித்தது மாவடுக்காக இல்லை. ஒவ்வொரு பண்டத்துக்கும் ஒரு குணம் உண்டு, அதற்கு ஒத்துப்போகிற பாத்திரம் ஒன்று உண்டு. உப்பும் புளியும் மண்ணில் இருந்தால் தப்பில்லை. ஊறுகாய்க்குப் பீங்கான். துவரையைச் செம்மண் கட்டிக் காயவைத்துப் பானையில் போட்டால் வண்டு அண்டாது. கருப்பட்டிக்கு அடுப்புப் புகை படுகிற இடம். பித்தளையில் தண்ணீர் வைக்கலாம், பொங்கல் வைக்கலாம், உலர்ந்த அரிசி கொட்டி வைக்கலாம். புளி பட்ட எதையும் ஈயம் போன பித்தளையில் வைக்கக் கூடாது. களிம்பு ஏறிவிடும், களிம்பு ஏறினது விஷம். இதெல்லாம் ஆம்பளைப் பிள்ளைக்கு எதற்கு என்று உன் அப்பா கேட்பார். இப்போது எதற்கு என்று அவருக்கும் தெரியும்.

உன் அப்பா கதை ஒன்று நீ கேட்டிருக்க மாட்டாய். நான் கோச்சடைக்கு வாழ வந்த புதிது. அந்த வருஷம் அறுப்பு முடிந்ததும் வானம் இருண்டுகொண்டு வந்தது. நெல் இன்னும் ரெண்டு வெயில் காயட்டும் என்று நான் சொன்னேன். புதுப்பெண் பேச்சை யார் கேட்பார்கள்? காய்ந்தும் காயாததுமாக அள்ளி, நெல் சேர்த்து வைக்கிற மண் குலுக்கையில் கொட்டி, மேல்வாயைச் சாணியும் களிமண்ணும் போட்டு மெழுகி அடைத்துவிட்டார். மழை ஒரு சொட்டு விழவில்லை. தை கழிந்து குலுக்கையைத் திறந்தால் உள்ளே கை வைக்க முடியவில்லை, அப்படி ஒரு சூடு. நெல் கறுத்து, கட்டி கட்டியாக, மூக்கைத் துளைக்கிற வாடை. அவர் என்ன சொன்னார் தெரியுமா? குலுக்கை செய்த வேளாரைத் திட்டினார். மண் சரியில்லை என்றார். மெழுகின பெண்களைத் திட்டினார். எலியைக்கூடத் திட்டினார். ஈரத்தோடு மூடினது யார் என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. அவர் நல்ல மனுஷர், உழைப்பாளி, உனக்கு ஒன்று என்றால் உயிரை விடுவார். ஆனால் அவருக்குப் பொசுக்கென்று கோபம் வரும், வந்த சூட்டோடு வாயை அடைத்துக்கொள்வார். உனக்கும் அந்த ரத்தம்தான்.

இனி ஆனி மாதத்துக்கு வருகிறேன். கல்யாணம் முடிந்து அழகர்கோவிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து நீங்கள் வண்டி கட்டிப் புறப்பட்டபோது சம்பந்தி வீட்டார் வழக்கப்படி கட்டுச்சோறு கொடுத்துவிட்டார்கள். நான் உங்களை ஆரத்தி எடுத்து உள்ளே அழைக்க வேண்டியவள், அதனால் உங்களுக்கு முன்னால் வேறு வண்டியில் வந்துவிட்டேன். ஆனாலும் அந்தச் சோறு கட்டினதை நான் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் வந்தேன். கிளறின புளிச்சோற்றைப் பெரிய பாயில் வாழையிலை விரித்துக் கொட்டி, ஆவி அடங்குகிற வரைக்கும் சம்பந்தியம்மா விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சூடு போன பிறகு நல்லெண்ணெய் ஊற்றிப் பிசறி, அனலில் வாட்டின இலையைப் புது மண்பானைக்குள் சுற்றிக் கொடுத்து, அதில் அள்ளி வைத்து, வாயைத் துணியால் வேடு கட்டினார்கள். எனக்குக் குறை சொல்ல ஆசைதான், மாப்பிள்ளையைப் பெற்றவள் இல்லையா? ஒரு குறை கிடைக்கவில்லை.

வீட்டுக்குள் நுழைய மறுநாள் காலையில்தான் நல்ல நேரம் என்பதால் ராத்திரிக்கு டவுனில் உன் அத்தை வீட்டில் தங்கினீர்கள். காலையில் இங்கே வந்து இறங்கினபோது பார்த்தால் பளபளவென்று அத்தை வீட்டுப் பெரிய பித்தளை அண்டா முன் வண்டியில் வருகிறது, அதற்குள் கட்டுச்சோறு. பானை என்னவாயிற்று என்று கேட்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. ஆரத்தி, பால் பழம், கூட்டம், யார் எதைக் கவனிப்பார்கள்? ஆண்கள் முதல் பந்தி உட்கார்ந்தீர்கள். இரும்பைச் சப்பின மாதிரி இருக்கே என்று உன் அப்பா ஒரு வார்த்தை சொன்னார், சொல்லிக்கொண்டே இன்னும் வாங்கிச் சாப்பிட்டார். பெண்கள் உட்காருவதற்குள் கொல்லைப்புறத்தில் வாந்தி எடுக்கிற சத்தம். நீயும்தான் எடுத்தாய். உங்களுக்கெல்லாம் சாயங்காலத்துக்குள் தெளிந்துவிட்டது. உன் அப்பாவுக்குத் தெளியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தவரைப் பார்த்து, தாலியைப் பிடித்துக்கொண்டு நான் அழுததை நீ பார்த்தாய்.

எழுந்து உட்கார்ந்ததும் அவர் சொன்ன முதல் பேச்சு உனக்கு நினைவிருக்கும். “ஊசுன சோத்தக் கட்டிவிட்ட வீடு. அந்த வீட்டுப் பருக்கை இனிமே என் வீட்டுக்குள்ள வரக் கூடாது.” அடுக்களைக் கதவுக்குப் பின்னால் அந்தப் பெண் நின்றுகொண்டிருந்தாள். யாரும் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை, நீயும் பார்க்கவில்லை. ஆடி பிறந்ததும் அவள் அண்ணன் வந்து கூட்டிப்போனார், அவரை இந்த வீட்டில் யாரும் ஒரு வாய் மோர்கூட வாங்கிக்கொள்ளச் சொல்லவில்லை. நீயும் லீவு முடிந்தது என்று ரயில் ஏறிவிட்டாய். ஆவணியில் போய்க் கூட்டிவாடா என்று நான் எழுதினதற்கு, அப்பா மனசு நோக எதுவும் செய்ய மாட்டேன் என்று பதில் போட்டாய். நல்ல பிள்ளை என்று ஊரில் சொன்னார்கள். எனக்கு அதைக் கேட்கக் கேட்க எரிச்சல் வந்தது.

அப்போதே எனக்குள் ஒன்று உறுத்திக்கொண்டேதான் இருந்தது. ஊசின சோறு எனக்குத் தெரியாதா? மூடியைத் திறந்ததும் வாடை அடிக்கும், தொட்டால் கொழகொழவென்று நூல் விடும். அந்தச் சோற்றில் ஒரு வாடையும் இல்லை, மல்லிகைப்பூ மாதிரி உதிரி உதிரியாக இருந்தது. ஆவணி கடைசியில் அத்தைக்கு அண்டாவைத் திருப்பி அனுப்பலாம் என்று கொல்லையிலிருந்து எடுத்துவந்து துலக்க உட்கார்ந்தேன். வெளியே தங்கம்தான். உள்ளே தலையை விட்டுப் பார்த்தால் அடியில் ஈயம் என்று ஒரு பொட்டுக்கூட இல்லை, சிவப்பும் மஞ்சளுமாகப் பித்தளை பல்லை இளித்துக்கொண்டு தெரிகிறது. கொஞ்சம் புளியைக் கரைத்து ஊற்றி வைத்துவிட்டு வேறு வேலை பார்த்தேன். திரும்பி வந்து சாய்த்தால் பச்சையாக வழிந்தது. இந்தப் பச்சையையா என் புருஷனுக்கும் பிள்ளைக்கும் இலையில் போட்டோம் என்று நினைத்து அழுகை வந்தது. அதற்கப்புறம்தான் அந்தப் பெண் நினைவுக்கு வந்தாள்.

புரட்டாசி முதல் சனிக்கிழமை அழகரைச் சேவித்துவிட்டு வருகிறேன் என்று உன் அப்பாவிடம் சொல்லிவிட்டுப் புறப்பட்டேன். பொய் இல்லை, சேவித்தேன். சேவித்துவிட்டு அதே வண்டியில் சம்பந்தி வீட்டுக்குப் போய் இறங்கினேன். என்னைப் பார்த்ததும் அந்த அம்மாவுக்கு முகத்தில் ரத்தம் இல்லை. பாயை விரித்தார், விசிறியைக் கொடுத்தார், உள்ளே போனார், வெளியே வந்தார். ஒரு செம்புத் தண்ணீர் கொண்டுவந்து தராமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். “மதினி, எங்க வீட்டுத் தண்ணி நீங்க குடிப்பீகளா?” என்று கேட்டார். மகனே, நான் எத்தனையோ வீட்டில் எத்தனையோ பேச்சுக் கேட்டிருக்கிறேன். அப்படி ஒரு கேள்வியை யாரும் யாரையும் கேட்கும்படி வைக்கக் கூடாது. நான் செம்பைப் பிடுங்கிக் குடித்தேன். “தண்ணி மட்டும் போதாது, எனக்குப் பசிக்கிது. புளிச்சோறு இருந்தா போடுங்க” என்றேன். அந்த அம்மா முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு அழுததை நீ பார்த்திருந்தால் அன்றைக்கே திருச்சியிலிருந்து நடந்தே வந்திருப்பாய்.

சாப்பிட்ட பிறகு உன் பெண்டாட்டியைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். முதலில் ஒன்றும் இல்லைங்க அத்தை என்றாள். அண்டாவைத் துலக்கினேன் என்று சொன்னதும் நிமிர்ந்து பார்த்தாள். அதற்குப் பிறகு மெதுவாகச் சொன்னாள். அன்றைக்குச் சாயங்காலம் டவுன் வீட்டில் உன் அத்தை மண்பானையைப் பார்த்து முகம் சுளித்தாராம். கல்யாணப் பொண்ணு மண்சட்டியோட கோச்சடைக்குள்ள நுழைஞ்சா எங்க அண்ணன் மானம் என்னாகுறது என்று சொல்லி, சோற்றை அண்டாவுக்கு மாற்றச் சொல்லியிருக்கிறார். “புளி போட்டதுங்க, பித்தளையில வேணாம்னு சொன்னேன். வந்த அன்னைக்கே வாயாடுறியான்னாங்க. அதுக்கு மேல என்ன சொல்றதுங்க அத்தை?” என்றாள். மாமனார் படுத்திருந்தபோதே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். சொன்னால் அண்ணன் தங்கச்சிக்கு நடுவில் சண்டை வரும், வந்ததும் குடும்பத்தைப் பிரித்தவள் என்பார்கள், ஊசின சோறு என்ற பேரே தேவலை என்று நினைத்தேன் என்றாள். நீ ஒரு வார்த்தை கேட்டிருந்தால் உன்னிடம் மட்டும் சொல்லியிருப்பாளாம். நீ கேட்கவில்லையாம்.

உன் அத்தை மேல் நீ பாயக் கூடாது, இது என் கட்டளை. அண்டாவைக் கொண்டுபோய் அவள் முன்னால் வைத்து உள்ளே பார் என்று மட்டும் சொன்னேன். பார்த்தாள், என் கையைப் பிடித்துக்கொண்டு தேம்பினாள். “எனக்கு இப்பிடி ஆகும்னு தெரியாது மதினி. அண்ணன் படுத்தப்புறம் சொல்லப் பயமா இருந்துச்சு” என்றாள். அவள் கெடுதல் நினைக்கவில்லை, அண்ணன் வீட்டுக்கு மினுமினுப்பாகப் பெண் வந்து இறங்க வேண்டும் என்று நினைத்தாள். மினுக்கு ஆசைப்படாத பொம்பளை எங்கே இருக்கிறாள்? ஆனால் அவள் பயத்துக்கு அந்தச் சின்னப் பெண்ணை விலையாகக் கொடுக்க முடியாது. அதை அவளிடமே சொன்னேன், சரி என்று தலையாட்டினாள்.

இனி உன் ஜாடி விஷயம். தூணில் சாய்ந்து உட்கார்ந்து படி. நீ வழித்துச் சாப்பிட்டாயே, இந்தத் தடவை போல என்றைக்குமே அமைந்ததில்லை என்று எழுதினாயே, அந்தப் புளிக்காய்ச்சலை நான் காய்ச்சவில்லை. நான் அன்றைக்குப் புறப்படுவதற்குள் சுந்தரவல்லி காய்ச்சினது. கல்சட்டியில் காய்ச்சி, எண்ணெய் பிரிந்து மேலே வருகிற வரைக்கும் கிளறி, இறக்கி ஆறவைத்து, வெயிலில் காய்ந்த பீங்கான் ஜாடியில் போட்டு, மேலே விரல் கனம் எண்ணெய் நிற்க ஊற்றித் துணி கட்டிக் கொடுத்தாள். யாருக்கு என்று அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. பாதியை நம் வீட்டு ஜாடிக்கு மாற்றிக்கொண்டு, பாதியை அவள் ஜாடியோடேயே உனக்கு ஆள் மூலம் அனுப்பினேன். என் கைப்பக்குவம் என்று நீயாக நினைத்துக்கொண்டாய், நான் மறுத்து எழுதவில்லை, அவ்வளவுதான்.

மீதிப் பாதியை உன் அப்பா சாப்பிட்டார். எந்த வீட்டுப் பருக்கை உள்ளே வரக் கூடாது என்றாரோ அந்த வீட்டுப் புளியை மூன்று வேளையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். என்ன இன்னைக்கு இம்புட்டு ருசி என்று வேறு கேட்டார். ஜாடி அடி தெரிகிற அன்றைக்கு, அவர் கை கழுவி வந்து வெற்றிலை மடிக்கும்போது சொன்னேன். புளிக்காய்ச்சல் யார் காய்ச்சினது என்று சொன்னேன். அண்டாவையும் சொன்னேன். அந்தப் பெண் ஏன் வாயை மூடிக்கொண்டிருந்தாள் என்பதையும் சொன்னேன். அவர் கத்துவார் என்று நினைத்துக் கொஞ்சம் தள்ளித்தான் உட்கார்ந்திருந்தேன். கத்தவில்லை. மடித்த வெற்றிலையைப் போடாமல் திரும்பத் தட்டிலேயே வைத்தார். “அந்தப் பிள்ள கதவுக்குப் பின்னாடி நின்னுச்சுல்ல?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். மறுநாள் காலையில் தங்கச்சி வீட்டுக்குப் போய் அந்த அண்டாவைத் தானே தலையில் தூக்கிக்கொண்டு ஈயம் பூசக் கொண்டுபோனார். வண்டி இருக்கிறது, ஆள் இருக்கிறது, வேண்டாம் என்றுவிட்டார். திரும்பி வந்து, “பையனுக்கு எழுதிப் போடு” என்றார். அவரிடமிருந்து அதுவே பெரிது என்பது உனக்கும் தெரியும்.

ஆகவே உன் அப்பா மனசு நோகும் என்ற சாக்கு இனி உனக்கு இல்லை. உன் மனசில் என்ன இருக்கிறது என்று நீதான் பார்த்துக்கொள்ள வேண்டும். சூடு ஆறுவதற்குள் மூடி வைத்தாய், இப்போது திறந்து பார். கெட்டுப்போயிருக்காது என்று நம்புகிறேன், ஏனென்றால் ஒரு ஜாடியை நீ அடிவரைக்கும் வழித்திருக்கிறாய்.

இன்னொரு ஜாடி கேட்டாய். என்னிடம் இல்லை. தீபாவளிக்கு லீவு கேட்டுக்கொண்டு மதுரைக்கு ரயில் ஏறு. ஸ்டேஷனில் இறங்கிக் கோச்சடைக்கு வந்து நிற்காதே, நேரே அழகர்கோவில் பக்கம் வண்டி பிடி. நாங்கள் தீபாவளி முடிந்து உங்கள் ரெண்டு பேரையும் இங்கே எதிர்பார்த்துக்கொண்டிருப்போம். அந்த ஜாடியைச் சாம்பல் போட்டுத் துலக்கி, வெந்நீரில் அலசி, நல்ல வெயிலில் காயவைத்துக் கையோடு எடுத்துப் போ. அவளைத் தனியாகப் பார்த்து ஜாடியைக் கையில் கொடு. மன்னிப்புக் கேட்க உனக்கு வாய் வராது, உன் அப்பாவுக்கும் வராது. பரவாயில்லை, எனக்குக் கார்டில் எழுதினாயே, அதே வார்த்தையை அவளிடம் சொல். ஜாடி காலி, அடியில் ஒட்டினதையும் வழித்துவிட்டேன், இன்னும் வேணும் என்று சொல். அவளுக்கு அது போதும்.

ஒன்று மட்டும். பிறத்தியார் வீட்டுப் பாத்திரத்தை நம் வீட்டில் யாரும் வெறுமனே திருப்பிக் கொடுத்ததில்லை. பூவை உள்ளே போட்டுவிடாதே, புளி வாடை ஏறிவிடும், பூவை இலையில் கட்டித் தனியாக எடுத்துக்கொள். ஜாடிக்குள் ஒரு பிடி கற்கண்டு போட்டுக் கொண்டுபோ.

உன் அம்மா